யார் மேலும் தப்பில்லை

தமிழரசிக்குப் பெங்காலியில் பிழையில்லாமல் சொல்ல வருவது ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லிக் கொடுத்தவள் நான். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் எங்காவது என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளப் பார்த்தால் நீங்கள் நம்ப வேண்டாம்.

என் பெயர் வத்சலா. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை என்பதால் கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தேன். இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளார்க். லேக் கார்டன்ஸில் தனியாகக் குடியிருக்கிறேன், சமைக்கச் சோம்பல். எங்கள் தெருக்கோடியில் முத்துகிருஷ்ணன் நடத்திய மெஸ்ஸில்தான் எட்டு வருஷம் எனக்குச் சாப்பாடு. தமிழரசி அங்கே சமையல்.

செஞ்சிப் பக்கத்துக்காரி. புருஷன் ஜெயபிரகாஷுக்குக் கிடர்பூரில் லாரிக்குச் சரக்கு ஏற்றும் வேலை. காளிகாட்டில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறையில் இருந்தார்கள். விடியுமுன் கிளம்பி அடுப்பைப் பற்ற வைக்க வந்துவிடுவாள். கல்கத்தா வந்து பதினான்கு வருஷமாகியும் பெங்காலி வரவில்லையே என்று கேட்டால், "ஆட்டோக்காரங்கிட்ட எடத்த சொன்னா போதும்க்கா, மிச்சத்துக்கு வெரலு இருக்குது" என்பாள். அந்த விரல்களால்தான் வெந்த இட்லியைத் தட்டிலிருந்து எடுப்பாள். கரண்டி தேவையில்லை. பொரியலை ஒதுக்கிவைக்கும் ஐடி பையன்களின் தலைக்கு மேல் வந்து நின்று, தின்று முடிக்கும்வரை நகர மாட்டாள். எனக்கு மட்டும் ஓரம் முறுகலாக ஒரு தோசை தனியாக வரும். நான் கேட்டதே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் டிசம்பரில் ஒரு நாள், நான் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அவள் முதலாளியிடம் சொன்னாள். "அண்ணே, நேத்துலேருந்து டியூப்ல கேஸ் வாடை அடிக்குது."

"ரெண்டு நாள் பொறும்மா, ஆள் வர்றான். அதுவரைக்கும் துணிய சுத்திக்க."

அந்த இரண்டு நாள் முடிவதற்குள் அது பற்றிக்கொண்டது. குளிருக்கு நைலான் நைட்டி, அதன்மேல் சால்வை. கழுத்து, மார்பு, இரண்டு கைகளும் எரிந்துபோயின. கூட வேலை செய்த ஒடியாக்கார அம்மாள் பதறிப்போய், கிரைண்டரிலிருந்து இட்லி மாவை அள்ளி அள்ளி அவள் மேல் பூசியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் அதைக் கழுவி எடுக்கவே அரைமணி நேரமாயிற்று. அந்த மாவு எந்த அடுக்களையில் அரைத்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. முதலாளி ஜெயபிரகாஷுக்குப் போன் செய்து வரவழைத்து, டாக்சியில் ஏற்றிவிட்டார். அவன்தான் அவளை ஆஸ்பத்திரிக்குள் தூக்கிக்கொண்டு போனான். அட்மிஷன் சீட்டில், கொண்டு வந்தவர் என்ற இடத்தில் கணவன் என்று விழுந்தது.

கல்யாணமான பெண் தீக்காயத்தோடு வந்தால், கொண்டு வந்த புருஷனைத்தான் போலீஸ் முதலில் பார்க்கும். அப்படிப் பார்ப்பதும் நியாயம்தான், எத்தனை பெண்களை எரித்திருக்கிறார்கள். ஜெயபிரகாஷ் குடிப்பான். மூன்று வாரத்துக்கு முன்புதான் சந்தில் அவளோடு பெரிய சண்டை, தெருவிலிருக்கும் கிளப் பையன்கள் வந்து விலக்கிவிட்டிருந்தார்கள். அன்று மத்தியானமே அவனை வராந்தாவில் ஒரு கான்ஸ்டபிள் உட்கார வைத்துவிட்டார். அவன் கையிலும் கொப்புளம், அவளைத் தூக்கியபோது ஒட்டியது. அது யார் கண்ணுக்கும் நல்லதாகப் படவில்லை.

தமிழ்க்காரர்களுக்கு ஆஸ்பத்திரி, போலீஸ் என்று எது வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் பெங்காலியைக் கேட்டால் பெங்காலிகளே ஊர் விசாரிக்க மாட்டார்கள். அதில் எனக்குத் திமிர் உண்டு. கொசுவலை போட்ட கட்டிலுக்குள் தமிழரசி கிடந்தாள். வலைக்கு வெளியே குனிந்து நின்றேன்.

"அவர புடிச்சி வெச்சிருக்காங்களாக்கா?"

"உன் வாக்குமூலம் முடிஞ்சா விட்டுடுவாங்க. நீளமா பேசாத. நீளமா பேசினா தோண்டுவாங்க. நான் சொல்றத அப்படியே சொல்லு."

காரோ தோஷ் நேய், ஆமார் நிஜேர் தோஷ். யார் மேலும் தப்பில்லை, என் தப்புதான். உதடு வீங்கிப்போயிருந்த ஒருத்தியை அதை எட்டுப் பத்துத் தடவை சொல்ல வைத்தேன். மெஸ் பெயரையும் எடுக்க வேண்டாம் என்றேன். முதலாளி ஆஸ்பத்திரி கேட் அருகே நின்று அழுதுகொண்டிருந்தார், செலவெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என் காலில் விழாத குறை. நம்ம ஊர்க்காரர்தானே என்று எனக்கும் தோன்றியது.

பெண் போலீஸ் வந்தாள். எப்படி ஆயிற்று, யார் இருந்தார்கள், யார் மேல் சந்தேகம் என்று மூன்று விதமாகக் கேட்டாள். மூன்று தடவையும் தமிழரசி அதையே சொன்னாள். 'வீட்டில் தனியாகச் சமைக்கும்போது, தன் கவனக்குறைவால்' என்று போலீஸ்காரி எழுதிக்கொண்டாள். வீட்டில் என்பது அவளாகச் சேர்த்தது. கைவிரல்கள் கட்டுக்குள் இருந்ததால் கால் பெருவிரலில் மை தடவி ரேகை எடுத்தார்கள். கீழே சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லி வருகிறவர்களையெல்லாம் திட்டுகிற நான், அதைப் படிக்கவில்லை. ஜெயபிரகாஷை விட்டுவிட்டார்கள் என்ற சந்தோஷத்தில் டீ குடிக்கப் போய்விட்டேன்.

நாலு மாதம் வார்டில் இருந்தாள். முதலாளி இரண்டு தடவை வந்து பார்த்தார், பிறகு போன் எடுக்கவில்லை. மெஸ்ஸை வேறு தெருவுக்கு மாற்றினார். வெளியே வந்த தமிழரசிக்குக் கழுத்துத் தோல் சுருங்கி, தாடை நெஞ்சோடு ஒட்டினாற்போல் இழுத்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்க்க முடியாது. வலது கையில் மூன்று விரல்கள் சேர்ந்துபோயிருந்தன. ஆபரேஷன் செய்தால் கழுத்தை நிமிர்த்தலாம், விரலைப் பிரிக்கலாம், அதுவும் தீப்பட்டதிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். நஷ்ட ஈடு வாங்கினால்தான் அது நடக்கும். வேறு வழியே அவர்களுக்கு இல்லை.

இலவச சட்ட உதவியில் ஷர்மிஷ்டாதி என்ற வக்கீல் கிடைத்தார். தொழிலாளர் நஷ்ட ஈட்டுக் கமிஷனரிடம் மனு போட்டோம். பழைய காகிதங்களைப் படித்துவிட்டு அவர் என்னிடம் பெங்காலியில் கேட்டார். "என் தப்புன்னு சொன்னதுகூடப் பரவாயில்லை. வேலை செய்யற எடத்துல கவனக்குறைவா இருந்தாலும் சட்டம் குடுக்கும். ஆனா இதுல 'வீட்டில்'னு இருக்கே. சாட்சிக் கையெழுத்துப் போட்ட இந்த அறிவாளி யாரு?"

நான்தான் என்றேன். அவர் அடுத்த காகிதத்தைப் புரட்டினார்.

ஒடியாக்கார அம்மாள் ஊருக்குப் போய்விட்டிருந்தாள், தேடியும் கிடைக்கவில்லை. ஐடி பையன்களில் ஒருவன் பெங்களூர், ஒருவன் கனடா. ஆகையால் எல்லாம் தமிழரசி வாயிலும் என் வாயிலும்தான் இருந்தது. டியூப் பற்றி அவள் சொன்னதையும், வாக்குமூலத்தை நான் சொல்லிக்கொடுத்ததையும் ஒளிக்காமல் சொல்வதாக இருந்தேன்.

விசாரணை நாளில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. நான் சாட்சி என்பதால் என்னை மொழிபெயர்க்க விடவில்லை, வெளியே நிற்கச் சொன்னார்கள். அறைக்கதவு பாதி திறந்திருந்தது. வாசல் பெஞ்சில் ஜெயபிரகாஷ் உட்கார்ந்திருந்தான். எனக்கு எல்லாம் கேட்டது.

தமிழரசி நன்றாகத்தான் ஆரம்பித்தாள். பாதி இந்தி, பாதி பெங்காலி, மிச்சத்துக்கு அந்த ஒட்டிப்போன விரல்கள். மெஸ், டியூப், இட்லிக் கொப்பரை, துணி. கமிஷனர் பொறுமையாகக் கேட்டார். ஷர்மிஷ்டாதி என் பக்கம் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். மெதுவாக, அவளுக்குப் புரியும் பெங்காலியில் கேட்டார். "உங்கள் புருஷன் குடிப்பாரா? சண்டை போடுவாரா? கிளப் பையன்கள் வந்து விலக்கினார்களா?" ஒவ்வொன்றுக்கும் அவள் ஆமாம் என்றாள். "அப்படியென்றால் எரித்தது அவர்தானே? அவரைக் காப்பாற்றத்தானே மெஸ் மேல் பழி போடுகிறீர்கள்? மறுபடி போலீஸைக் கூப்பிட்டு விசாரிக்கச் சொல்லலாமா?"

தன்னைத்தான் சொல்கிறார் என்று ஜெயபிரகாஷுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து வாசலில் வந்து நின்றான். அவளால் கழுத்தை மட்டும் திருப்ப முடியாது, உடம்போடு திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு ஒரு தடுமாற்றமும் இல்லாமல், எந்தப் பெங்காலிக்காரியும் குறை சொல்ல முடியாதபடி சொன்னாள்.

"காரோ தோஷ் நேய். ஆமார் நிஜேர் தோஷ்."

கிளார்க் அதைத் தட்டச்சு செய்தான். வக்கீல் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். ஷர்மிஷ்டாதி திரும்பத் திரும்ப வேறுவிதமாகக் கேட்டுப் பார்த்தார். போலீஸ் என்ற சொல் காதில் விழுந்த பிறகு தமிழரசியிடமிருந்து வேறு பதில் வரவில்லை. என்னைக் கூப்பிட்டபோது எல்லாவற்றையும் சொன்னேன். "அன்றைக்குச் சொல்லிக் கொடுத்தது பொய் என்கிறீர்கள். இன்றைக்குச் சொல்வதை மட்டும் எப்படி நம்புவது?" என்று கேட்டார் அந்த வக்கீல். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

நாலு மாதம் கழித்து உத்தரவு வந்தது. வேலை செய்யும் இடத்தில் நடந்ததாக நிரூபிக்கப்படவில்லை, மனு தள்ளுபடி. அப்பீல் போட்டிருக்கிறோம். டாக்டர் சொன்ன இரண்டு வருஷம் போன மாதத்தோடு முடிந்துவிட்டது. தமிழரசி இன்னும் தரையைப் பார்த்துத்தான் நடக்கிறாள். பக்கத்து வீட்டுக்குக் கீரை ஆய்ந்து கொடுக்கிறாள், இடது கையால்.

உத்தரவு வந்த நாளைவிட விசாரணை நடந்த நாள்தான் எனக்கு மறக்கவில்லை. படியில் இறங்கும்போது ஜெயபிரகாஷ் முன்னால் போய் ஆட்டோ தேடிக்கொண்டிருந்தான். அந்த வாக்கியத்தால் என்ன ஆயிற்று என்று அவளுக்கு நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. சொல்லத் தைரியம் இல்லை. அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். நிமிர முடியாததால் என் செருப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அவர ஒண்ணும் செய்ய மாட்டாங்கல்லக்கா? நான் செரியாதானே சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்ன," என்றேன்.