பெரிய பேட்ஸ்மேன் யாரென்று சொல்லாமலே போன இந்திராணி மேடம்

தேர்வு அறையில் மேற்பார்வைக்கு நின்றிருந்தபோது செய்தி வந்தது. கைப்பேசியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதால், உதவியாளர் செல்லம் வாசலில் வந்து நின்று கையசைத்தார். "சார், மதுரையிலருந்து போனு. நம்ம இந்திராணி மேடம் தவறிட்டாங்களாம்" என்றார். மாற்று ஆள் வரும்வரை அறையை விட்டு நகர முடியாது. சொல்லி அனுப்பினேன், யாரும் வரவில்லை. வரிசைகளுக்கு நடுவே நடந்தேன், கேட்டவர்களுக்குக் கூடுதல் தாள் கொடுத்தேன், கையெழுத்துப் போட்டேன். ஒரு மாணவி தாளைத் திருப்பிக் காட்டி, "சார், தேதி தப்பாப் போட்டிருக்கீங்க" என்றாள். மணி அடிக்கும்வரை அழவும் இடமில்லாமல் அங்கேயே நின்றேன்.

போடிநாயக்கனூரில் எங்கள் கல்லூரியில் படித்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் புள்ளியியல் துறை, நான் வரலாறு. ஆசிரியர் ஓய்வறையில் எதிரெதிர் நாற்காலி. நான் வேலைக்குச் சேர்ந்த வாரமே எங்களுக்குள் சண்டை வந்துவிட்டது, அதுவும் கிரிக்கெட்டுக்காக. எல்லாக் காலத்துக்கும் பெரிய பேட்ஸ்மேன் யார் என்பது கேள்வி. எனக்கு விடை தெரியும். தலைக்கவசம் இல்லாமல் ஆடிய ஒருவர். அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இது அஞ்சலியாக இருக்காது, வாசகர்களுக்குள் அடிதடி ஆகிவிடும்.

"அவர் ஆடி நீங்க பாத்திருக்கீங்களா சார்?" என்று மேடம் அன்று கேட்டார்.

"ரேடியோவில் கேட்டிருக்கிறேன்" என்றேன் கம்பீரமாக.

"ரேடியோவுல கவர் டிரைவ் எப்படி இருந்துச்சு?"

அறையே சிரித்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள், புகழ் என்பது சும்மா வருமா, வரலாற்றில் சாட்சி என்று ஒன்று உண்டு என்றெல்லாம் பொரிந்து தள்ளினேன். அவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னார்: "சாட்சி சரி சார். உங்க அப்பாவுக்குப் பிடிச்ச ஆளு உங்களுக்கும் பெரிய ஆளு. அத புகழ்னு சொல்றதா, வீட்டுப் பழக்கம்னு சொல்றதா?" என் அப்பாவுக்கும் அவரைத்தான் பிடிக்கும் என்பது இந்த அம்மாளுக்கு எப்படித் தெரிந்தது என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

புகழை இப்படி உரித்தவர், எண்களின் பக்கம் நிற்பார் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். ஒருமுறை மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இரண்டு பேர், கைப்பேசியில் சராசரிப் பட்டியலை எடுத்துக்கொண்டு வந்தார்கள். இன்றைய வீரர் ஒருவர் என் ஆளை எங்கேயோ பின்தள்ளியிருந்தார். தீர்ப்புக்கு மேடத்திடமே கொண்டு போனார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பட்டியலைப் பார்க்கக்கூட இல்லை. "அன்னைக்கு அதே பிட்ச்சுல மத்த பத்துப் பேரு என்ன அடிச்சாங்க? மழை பேஞ்ச பிட்ச்ச மூடி வச்சாங்களா? வருஷத்துக்கு எத்தன ஆட்டம்? இதெல்லாம் தெரியாம சராசரியத் தொடாதீங்கப்பா, கைய சுட்டுரும்" என்றார். பையன்கள் போனதும் நான் நிமிர்ந்து, "அப்போ என் ஆள்தானே?" என்றேன். "நான் எப்ப சார் சொன்னேன்?" என்று பேப்பரைப் பிரித்துவிட்டார். இதுதான் அவரிடம் எனக்குப் பொறுக்காது. எல்லாரையும் மறுப்பார்; தான் ஒரு பெயரைச் சொல்ல மாட்டார். வழுக்குகிறார் என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

போடிமெட்டுக்கு மேலே அவர் கணவர் செல்வராஜ் அண்ணனுக்குக் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. ஒரு பொங்கல் விடுமுறையில் அங்கே தோட்டத்து ஆட்கள் ஆடும் ஆட்டத்தைப் பார்க்க என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மைதானம் என்று அங்கே எதுவும் இல்லை. மலையைக் கொஞ்சம் வெட்டிச் சமன்செய்த ஒரு மேடு. ஒரு பக்கம் மண்சுவர், ஆடுபவரின் கால்பக்கம், அதாவது லெக் பக்கம், அதல பாதாளம். பள்ளத்துக்குள் பந்து போனால் ஏலச்செடிக்குள் இறங்கித் தேட வேண்டும். இருப்பது ஒரே பந்து. ஆகவே பள்ளத்தில் அடித்தால் அவுட். ரத்தினம் என்ற ஜீப் டிரைவர் அன்று ஆடிய ஆட்டத்தை நான் மறக்க மாட்டேன். எந்தப் பந்து வந்தாலும் மணிக்கட்டைத் திருப்பி மண்சுவர்ப் பக்கமே அடித்தார்.

அதே ரத்தினம் போடியில் நடந்த போட்டிக்கு இறங்கி வந்தபோது சொதப்பினார். கால்பக்கம் வந்த பந்தையெல்லாம் விட்டுவிட்டு நின்றார். "மலையில் புலி, இங்கே பூனை" என்று நான் கிண்டல் செய்தேன். மேடத்துக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. "அவருக்கு ஆடத் தெரியலன்னு சொல்லாதீங்க சார். பாதி கிரவுண்டு மூடிக் கெடந்த எடத்துல ஆடுன ஆளு. எவ்வளவு அடிச்சாருன்னு எண்ணுறப்ப, எந்தப் பக்கம் மூடியிருந்துச்சுன்னும் எண்ணணும்" என்றார். அதோடு விடாமல், இடைவேளையில் ரத்தினத்திடமே போய், "அண்ணே, இங்க பள்ளம் கெடையாது. லெக்குல தாராளமா அடிங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த ஓவரில் ரத்தினம் லெக் பக்கம் ஒரு வீசு வீசினார். நடு ஸ்டம்ப் பறந்தது. அன்று மைதானத்தில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் மேடம்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் கணக்கு போச்சு சார்" என்றார்.

போன வருடம் அவருக்கு நோய் கண்டது. மதுரை மருத்துவமனையில் முதல் சுற்று மருந்து முடிந்தும் அது அடங்கவில்லை. இரண்டாவது சுற்று கொடுக்கலாமா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். கொடுத்தால் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று ஒரு எண்ணையும் சொல்லியிருக்கிறார். மேடம் வேண்டாம் என்றுவிட்டார். செல்வராஜ் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"சார், டாக்டர் சொன்ன நம்பரக் கேட்டதுலருந்து அவ வாயத் தொறக்க மாட்டேங்கிறா. மேல தோட்டத்துக்குப் போயிருவோம்கிறா. எனக்கு நம்பரும் புரியல, ஒண்ணும் புரியல. நீங்க சொன்னா கேப்பா. சோலி கெடந்தா போட்டுட்டு வெரசா வாங்க சார்."

நான் சொல்லி அவர் எதைக் கேட்டிருக்கிறார்? ஆனாலும் மதுரைக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போதே பேச வேண்டியதைத் தயார் செய்துகொண்டேன். வேறு வாதம் எதுவும் கிடைக்காமல் அவருடைய வாதத்தையே எடுத்துக்கொண்டேன். "மேடம், டாக்டர் சொன்னது பழைய ஆட்களின் கணக்கு. யார் யாரோ, எந்த வயதோ, எந்தக் காலத்து மருந்தோ. காலம் தெரியாமல் சராசரியைத் தொடாதே என்று நீங்கள்தானே சொல்வீர்கள்?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். முடியெல்லாம் போய், சிரிப்பு மட்டும் பழையபடி இருந்தது. "இத்தன வருஷம் கத்துக்காத பாடத்த இன்னைக்கு ஒப்பிக்கிறீங்களே சார்" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சரியாத்தான் சொல்றீங்க. ஆனா ஒண்ணு. காலத்தயும் சேத்துப் பாத்தா சில பேரு மேல ஏறுவாங்க, சில பேரு கீழ எறங்குவாங்க. நான் ஏறுற ஆளுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து வயதுப் பிள்ளை மாதிரி, "நீங்க ஏறுவீங்க மேடம்" என்று மட்டும் சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். "சரி, போட்டுக்கிறேன்" என்றார். என் பேச்சுக்காகச் சொன்னாரா, வாசலில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்த கணவருக்காகச் சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டாவது சுற்று அவரைப் படுத்திய பாட்டை எழுத எனக்குத் தெம்பில்லை. தோட்டத்துக்கு அவர் போகவே இல்லை. கடைசியாக நான் பார்க்கப் போன அன்று ஒரு டெஸ்ட் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஸ்கோர் சொன்னேன். அவர் பேசட்டும் என்பதற்காகவே, "இந்தப் பையன் என் ஆளின் கால்தூசுக்கு ஆக மாட்டான்" என்று வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தேன். எப்போதும் வரும் அந்தக் கேள்விகளில் ஒன்றாவது வரும் என்று காத்திருந்தேன். அவர் கண்ணைத் திறக்காமல், "நீங்க சொன்னா சரிதான் சார்" என்றார். வாழ்நாளில் அவரிடம் நான் ஜெயித்தது அது ஒன்றுதான். வராண்டாவுக்கு வந்து சுவரில் சாய்ந்து அழுதேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிய பிறகு, செல்வராஜ் அண்ணன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"சார், நீங்க படிச்சவுக, கேக்குறேன். அந்த ரெண்டாவது மருந்து போடாம மேல கூட்டிட்டுப் போயிருந்தா, இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாளா? இல்ல, முன்னாடியே போட்டிருந்தா பொழச்சிருப்பாளா? எது சார் சரி?"

வரலாறு படித்தவன் நான். நடக்காததைப் பற்றிக்கூட மணிக்கணக்கில் பேசுவேன். எந்தக் காலத்து ஆளையும் எந்தக் காலத்து ஆளோடும் நிறுத்தி ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்வேன். "நீங்கள் செய்ததுதான் சரி அண்ணே" என்ற வாக்கியம் தொண்டைவரை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் அவர் அன்றிரவு தூங்கியிருப்பார், நானும் தூங்கியிருப்பேன். ஆனால் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, ஒப்பிட முடியாத இரண்டை ஒப்பிட்டு ஒன்றைப் பெரிது என்று சொல்ல என் நாக்கு எழவில்லை.

"தெரியலண்ணே" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு எழுந்து, நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார். நானும் எழுந்து அடுக்கினேன். மேடத்தை நான் வழுக்குகிறார் என்று சொன்னதெல்லாம் இந்த இடத்தில் நிற்கத் தெரியாமல் சொன்னது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது தெரியல என்கிற இந்த ஒரு பதில்தான். அதை வைத்துக்கொண்டு எப்படி ஒருவரைத் தேற்றுவது என்று அவர் எனக்குச் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.