பீரோவுக்குள் தூங்காத கண்ணாடி

மில் பஸ் பெரிய ரோட்டை விட்டு எங்கள் ஊர்ச் சாலைக்குத் திரும்பும் இடத்தில் வசந்தாமணி அக்கா நெற்றிப் பொட்டை எடுத்துவிடுவார். நகத்தால் மெல்லக் கிளப்பி, முன் சீட்டுக் கம்பியில் ஒட்டுவார். காலையில் அதே சீட், அதே கம்பி. பஸ் பெரிய ரோட்டில் ஏறியதும் பொட்டு நெற்றிக்குப் போய்விடும். கம்பி எட்டாத நாளில் டிபன் டப்பா மூடி, அடையாள அட்டையின் பின்பக்கம் என்று கைக்கு அருகில் எது இருக்கிறதோ அதில் ஒட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்து பல வருஷமாகப் பார்த்து வருகிறேன். ஏன் என்று கேட்டதில்லை.

கேட்கத் தேவையும் இல்லை. அவருடைய வீட்டுக்காரர் ரிக் வண்டியோடு வடக்கே ஆழ்துளைக் கிணறு போடப் போன இடத்தில் இறந்துபோனார். வீட்டில் ஒரு பையனும் மாமியார் சென்னம்மாளும் இருக்கிறார்கள். மாமியார் கண்முன்னால் பொட்டோடு நிற்க அக்காவால் முடியவில்லை. பொட்டில்லாமல் மில்லுக்குள் நடக்கவும் முடியவில்லை. பஸ்ஸில் சிலர், "ஊட்டுக்கு ஒரு மூஞ்சி, மில்லுக்கு ஒரு மூஞ்சி" என்று காது கேட்கவே சொல்வார்கள். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவார்.

மல்லசமுத்திரம் பக்கம் இருக்கும் எங்கள் நூல் மில்லில் அவர் நூல் நூற்கும் ஃபிரேம் ஓட்டினார். பஞ்சுத் தூசி நெஞ்சில் தங்கிப் பேசும்போதே மூச்சு வாங்க ஆரம்பித்தது. வேலையை விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். அந்தச் சமயத்தில் மில் ஒரு விஆர் ஹெட்செட் வாங்கியது, கண்ணை மறைத்துத் தலையில் மாட்டுகிற பெரிய கண்ணாடி. புதிதாக வரும் பெண்கள் ஓடுகிற ஃபிரேமில் விரலைக் கொடுத்துவிடாமல், அறுந்த நூலை ஒட்ட முதலில் அந்தக் கண்ணாடிக்குள் பழக வேண்டும். அதைச் சொல்லிக் கொடுக்க அக்காவைப் போட்டார்கள். பயிற்சி அறையின் பீரோச் சாவி அவர் இடுப்புக்கு வந்தது. தூசி இல்லாத அறை. அவருடைய இருமல் குறைந்தது. அந்த அறையைக் கூட்டித் துடைப்பது என் வேலை.

எனக்கு அந்தக் கண்ணாடியைப் பிடிக்கவில்லை. அதன் வெளிப்பக்கம் மூலைக்கு ஒன்றாக நாலு கறுப்புக் கண்கள் இருந்தன. கூட்டும்போது அதற்கு முதுகு காட்டியே நின்றேன்.

அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் நயீம். சேலம் அஸ்தம்பட்டியில் கடை வைத்திருப்பவர். "கம்ப்யூட்டர் வேண்டாம், ஒயர் வேண்டாம். எல்லாம் இதுக்குள்ளயே இருக்குது. கழட்டி வெச்சா தானா தூங்கிடும், போட்டா முழிச்சுக்கும். லென்ஸை மட்டும் இந்தத் துணியால தொடைங்க, வேற எங்கயும் கை வெக்காதீங்க. பொட்டை எடுத்துட்டுப் போடச் சொல்லுங்க, மெத்தைல பசை ஒட்டிக்கும்" என்றார். அக்கா அப்படியே செய்தார். பெண்களின் பொட்டுகளை எல்லாம் பீரோக் கதவில் ஒட்டிவைத்து, பழகி முடித்ததும் திருப்பிக் கொடுப்பார்.

கொஞ்ச காலம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு காலை பீரோவைத் திறந்தால் கண்ணாடி செத்துக் கிடந்தது. முந்தின நாள் சாயங்காலம் நிறையச் சார்ஜ் போட்டுப் பூட்டியதை நானே பார்த்தேன். தொட்டால் அப்போதுதான் யாரோ கழற்றி வைத்ததுபோல் வெதுவெதுப்பு. மறுநாளும் அப்படி. அடுத்த நாளும் அப்படி.

சூப்பர்வைசர் சபரிநாதன் வந்தார். கண்ணாடியை ஒரு தரம் பார்த்தார், அக்காவை ஒரு தரம் பார்த்தார்.

"பையன் நல்லா வெளையாடறானா?"

"எந்தப் பையனுங்க சார்?"

"உம் பையன்தான். பையில போட்டு எடுத்துட்டுப் போயி, காலைல கொண்டாந்து வெக்கிறே. இல்லைன்னா பூட்டின பீரோவுக்குள்ள யாரு போட்டுப் பாக்கறது, பேயா?"

"கேட்டுல தெனமும் பைய அவுத்துப் பாக்கறாங்க சார். தலை அத்தனை பெருசை எங்க சார் ஒளிச்சு வெப்பேன்?"

"பஸ்ல ஏறினா ஒரு மூஞ்சி, எறங்கினா ஒரு மூஞ்சி. உன்னை எப்படிம்மா நம்பறது?"

அந்தப் பேச்சு அவர் காதுவரைக்கும் போயிருக்கிறது. அக்கா சாவியை மேஜையில் வைத்தார். அன்றைக்கே மறுபடி ஃபிரேமுக்கு அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் வாயை முந்தானையால் பொத்தி இருமிக்கொண்டே வந்தார். "இன்னொரு மாசம் தாங்காது சாமி" என்றார் என்னிடம். பொட்டை எடுத்துக் கம்பியில் ஒட்டினார். நானும் அவரைச் சந்தேகப்பட்டேனா என்று கேட்டால், அவரை இல்லை, அந்தக் கண்ணாடியைத்தான்.

சபரிநாதன் அதைத் தன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவி அவர் சட்டைப் பையில். காலையில் திறந்தால் அதே வெதுவெதுப்பு, அதே சாவு. அவர் யாரிடமும் சொல்லவில்லை. அங்கேயும் கூட்டுகிறவள் என்பதால் எனக்குத் தெரிந்தது. முதலில் வாட்ச்மேனை முறைத்தார். பிறகு கண்ணாடியையே முறைத்தார். அதற்குள் விஷயம் ஃபிரேம் வரைக்கும் பரவிவிட்டது. பூட்டின இடத்தில் விழித்திருந்து நாலு கண்ணாலும் படம் எடுத்து யாருக்கோ அனுப்புகிறது என்றார்கள். புதுப் பெண்கள் அதைப் போட மாட்டோம் என்று நின்றார்கள். நயீமைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

அன்று பயிற்சி அறையில் சபரிநாதன், நயீம், புதுப் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். ஓட்டிக் காட்ட வேண்டும் என்று அக்காவையும் வரச் சொல்லியிருந்தார்கள். நான் துடைப்பத்தோடு ஓரமாக நின்றேன்.

"சூடாகுதுன்னா பேட்டரி உப்பியிருக்கலாம்" என்று நயீம் சின்னத் திருப்புளியால் முன்மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு போனைப் பிரித்துப் போட்டதுபோல் இருந்தது. கண்ணுக்கு ஒன்றாகத் தீப்பெட்டி அளவுத் திரை. முன்னால் தடித்த லென்ஸ். "ரெண்டு திரைலயும் ஒரே படந்தான், ஆனா துளி தள்ளி நின்னு எடுத்த மாதிரி. உங்க மூளை ரெண்டையும் சேத்து ஆழமாக் காட்டுது." நடுவில் பச்சை அட்டை. அதன் மேல் சூட்டை வெளியே தள்ளக் குட்டி ஃபேன். தலை சாய்வதையும் திரும்புவதையும் உணர அரிசி அளவில் ஒரு சில்லு.

அறிவுச்செல்வி என்ற புதுப் பெண் கேட்டாள். "அந்த நாலு கேமரா எங்களை எடுக்குதுங்களா?"

"செவுரு மூலை, மேஜை விளிம்பு, உங்க கை. இதைப் பாத்துத்தான் நீங்க எங்க நிக்கறீங்கன்னு கணக்குப் போடுது. கணக்கு முடிஞ்சா படத்தை விட்டுடும்."

"விட்டுடும்னு நீங்க எப்படிப் பாத்தீங்க?"

நயீம் சிரித்தார். பேட்டரி பக்கம் குனிந்துவிட்டார். அதை நான் குறித்துக்கொண்டேன்.

பேட்டரி உப்பவில்லை. மூடியைத் திரும்பப் பூட்டிச் சார்ஜ் ஒயரைச் செருகி, உயிர் வந்ததும் மேஜையில் மல்லாக்க வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் போடவில்லை. ஆனாலும் லென்ஸ் இரண்டும் வெளிச்சமாகவே இருந்தன.

"இது தூங்கணுமே" என்று நயீம் டார்ச்சை அடித்தார். இரண்டு லென்ஸுக்கும் நடுவில் மேலே கறுப்பாக ஒரு சின்ன இடம். "மொகம் பக்கத்துல இருக்குதான்னு பாக்கற சென்சார் இங்கதான். எதாவது மறைச்சா, ஆள் போட்டிருக்குன்னு நெனைச்சுக்கும்." நகத்தால் சுரண்டினார். விரல் நுனியில் அடர் மெரூன் நிறத்தில் ஒரு பொட்டு வந்தது. கறுப்பின் மேல் அது யார் கண்ணுக்கும் பட்டிருக்காது. லென்ஸைத் தவிர வேறெங்கும் தொடக் கூடாது என்றதால் யாரும் அங்கே துடைக்கவும் இல்லை.

சபரிநாதன் புதுப் பெண்கள் பக்கம் திரும்பினார். எல்லோர் நெற்றியிலும் அந்த நிறந்தான். ஊர்க் கடையில் வருகிற ஒரே பொட்டு அட்டை. "யாரு வேலை இது? நீதானே, கேள்வியெல்லாம் கேட்டியே?" என்று அறிவுச்செல்வியிடம் கை நீட்டினார். அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. உதடு கோணியது.

அக்கா பேசாமல் இருந்திருக்கலாம்.

"அது என்னுதுங்க சார்" என்றார். "ஓட்டிக் காட்டறப்போ கழட்டி, மறக்காம இருக்கட்டும்னு கைக்கிட்ட ஒட்டியிருப்பேன். அப்படியே மறந்துட்டேன்."

"உனக்கெதுக்கும்மா..." என்று ஆரம்பித்துச் சபரிநாதன் நிறுத்திக்கொண்டார்.

"எனக்கும் நெத்தி இருக்குதுங்களே சார். உங்க அலமாரிக்குள்ளயும் அது முழிச்சுட்டுத்தான் இருந்துச்சாம். அங்க எந்தப் பையன் வெளையாடினான்னு கேட்டீங்களா?"

அறிவுச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நயீம் குனிந்து திருப்புளியைத் தேடினார். சபரிநாதன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. "இனிமே பொட்டைக் கதவுல ஒட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது சாவி வசந்தாமணி அக்காவிடம்தான் இருக்கிறது. இருமல் முழுசாகப் போகவில்லை, குறைந்திருக்கிறது. கண்ணாடி பீரோவுக்குள் ஒழுங்காகத் தூங்குகிறது. நான் கூட்டப் போகும்போது அது மேஜையில் இருந்தால், முதலில் அதன் மேல் ஒரு துண்டைப் போட்டுவிடுகிறேன். எங்கள் ஊர்ச் சாலைக்குப் பஸ் திரும்பும்போது அக்கா இன்னும் பொட்டை எடுத்துக் கம்பியில் ஒட்டுகிறார்.