பால் சொசைட்டிக்குப் போன அப்பா

1991-ல் மண்ணூரில் யாரும் யாரையும் நம்பவில்லை. மே மாதம் பக்கத்து ஊர்க் கூட்டத்தில் குண்டு வெடித்துத் தலைவர் செத்த பிறகு, புதுமுகம் எது தென்பட்டாலும் போலீஸ் ஜீப் நிறுத்தி விசாரித்தது. போதாததற்கு, நிலம் கேட்டு மெட்ராஸிலிருந்து புரோக்கர்கள் வந்தபடி இருந்தார்கள். நானோ என் அப்பாவையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

காரணம் என்னிடம்தான் இருந்தது. ஏரிக்குக் கீழே அப்பா பெயரில் ஒன்றரை ஏக்கர். விற்கலாமா என்று கேட்டால் அடிக்கவே வருவார். அதனால், "கெணத்துக்கு கரண்டு வாங்கணும்பா" என்று சொல்லிக் கைநாட்டு வாங்கிவிட்டேன். உண்மையில் அது நிலத்தை ஒரு புரோக்கருக்குக் கொடுக்கச் சம்மதிக்கும் ஒப்பந்தம். அவசரத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் விரலை அழுத்த வைத்தேன்.

"கரண்டுக்கு இன்னாத்துக்குடா அஞ்சு எடத்துல?" என்றார்.

"இப்பல்லாம் அப்டித்தான்பா."

அதோடு விட்டுவிட்டார் என்று நினைத்தேன். தாளை டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, புரோக்கர் சொல்லும் நாளுக்காகக் காத்திருந்தேன்.

பிறகுதான் அப்பா மாறினார். அறுபத்தாறு வயது, காய்ச்சல் என்றுகூடப் படுக்காத உடம்பு. ஆனால் அம்மா போனதிலிருந்து பேச்சு குறைந்து, பகலெல்லாம் கயிற்றுக் கட்டிலில் கிடந்தவர். அவர் இப்போது தினமும் மூன்று மணிக்குத் தலை வாரி, வெளுத்த சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்றால், "சும்மாதான்." ஐந்து மணிக்குத் திரும்பும்போது முகத்தில் ஒரு களை. சோறு இன்னும் கொஞ்சம் கேட்டார். விரல்களில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

"மாமா செவுத்தாண்ட நின்னு தனியா பேசிக்கினு கீறாரு. இன்னான்னு பாருங்க" என்றாள் என் மனைவி. நானும் பார்த்தேன். சுவர் விளம்பரத்தின் முன் நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

மனக்கோளாறு என்று அவள் பயந்தாள். எனக்கு வேறு பயம். இந்த வயதில் ஒரு மனுஷன் காரணமில்லாமல் இத்தனை தெம்பாக இருப்பானா? வேறொரு புரோக்கர் அவரை மடக்கிவிட்டான், என்னை முந்திக்கொண்டு விற்கப்போகிறார் என்றே முடிவுகட்டினேன்.

ஒருநாள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனேன். பால் சொசைட்டிக்குள் நுழைந்தார். காலைப் பால் அளந்து முடித்தால் சாயங்காலப் பால் வரும்வரை அந்த அறை சும்மா கிடக்கும். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு கிழவர்களும் கிழவிகளும் தரையில் உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். தண்டலத்திலிருந்து வந்த டீச்சர் ஒருத்தி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவுதானா என்று கிளம்பத் திரும்பினேன்.

அப்போது டீச்சர் கேட்டாள்: "இன்னா தாத்தா, எல்லாரும் அம்மா, ஆடுன்னு எழுதறாங்க. நீங்க மட்டும் கிரயம், ஒப்பந்தம்னே கேக்கறீங்க?"

"அந்த எழுத்துங்கதாம்மா எனக்கு வேணும்" என்றார் அப்பா. "எம்புள்ள ஒரு பேப்பர் வச்சினு கீறான். அத்த நானே படிக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தாளை அடுப்பில் போட்டேன். வெட்கப்பட்டு எரித்தேன் என்று எழுத ஆசைதான். பயந்துதான் எரித்தேன்.

சில வாரம் கழித்து அப்பா கேட்டார்: "அந்த கரண்டு பேப்பர எட்தா."

"ஆபீஸ்ல தொலச்சிட்டாங்கப்பா."

"நான் படிக்கறதுக்குள்ள தொலஞ்சிடுச்சா?" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. வகுப்பையும் விடவில்லை. வகுப்பு நின்றுபோன பிறகு டீக்கடையில் பேப்பர் படிக்க உட்கார்ந்துவிட்டார். நிலம் அவர் பெயரிலேயே இருந்தது.

எண்பத்து மூன்று வயதில் குடலிறக்க ஆபரேஷனுக்கு அழைத்துப் போனேன். ஞாபகம் எப்படி என்று பார்க்க டாக்டர் தேதி கேட்டார், கிழமை கேட்டார், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். அப்பா தடுமாறவே இல்லை.

"இந்த வயசுல இவ்ளோ தெளிவா! எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"அறுவத்தாறு வயசுல ஆரம்பிச்சேன். எதுக்குன்னு இவன கேளுங்க."

டாக்டர் சிரித்தபடி என் பக்கம் திரும்பினார்.

"பொழுது போகத்தான் சார்" என்றேன்.

கையெழுத்துக்காக நான் நீட்டிய ஆஸ்பத்திரித் தாளை அப்பா வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.