அண்ணன் பிறந்த ஊர்

சுங்குடிச் சேலை விற்க வடக்கே போன அண்ணனை, அவன் தங்கியிருந்த தெருவோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போனார்கள். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தவர்களைத் தேடும் சோதனையாம். அவனுடைய முஸ்லிம் பெயரும், இந்தி வராத வாயும் அவர்களுக்குப் போதுமாக இருந்தன. ஆதாரைக் காட்டியிருக்கிறான். அது குடியுரிமைச் சான்று இல்லை என்றிருக்கிறார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்திருப்பதாக, காவலுக்கு நின்றவரின் போனிலிருந்து அம்மாவிடம் சொன்னான். பிறகு பேச விடவில்லை.

நான் மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் இருப்பவள். பதறுவதற்கு முன் பட்டியல் போட்டுவிடுவேன். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், அத்தாவின் பழைய பாஸ்போர்ட், வீட்டுப் பத்திரம். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, பக்க எண் போட்டு, அங்கே தமிழ் தெரிந்த ஒரு வக்கீலைத் தேடிப்பிடித்து அனுப்பினேன்.

அவர் திரும்பக் கூப்பிட்டபோது குரல் இறங்கியிருந்தது. பிறப்புச் சான்றிதழில் சோழவந்தான். பள்ளிச் சான்றிதழில் கோரிப்பாளையம். விசாரித்தபோது அண்ணன் சொன்னதும் கோரிப்பாளையம். ஒருவன் எப்படி இரண்டு ஊரில் பிறப்பான், ஏதோ ஒன்று போலி என்கிறார்களாம்.

எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள். தலைப்பிரசவம் பெண்ணின் தாய்வீட்டில். அண்ணன் பிறந்தது சோழவந்தான் அரசு ஆஸ்பத்திரியில். ஆனால் பிள்ளைக்கு ஊர் என்றால் அத்தாவின் ஊரான கோரிப்பாளையம். பள்ளியில் சேர்க்கும்போது அத்தா அதைத்தான் சொன்னார். அண்ணனும் அதையே சொல்லி வளர்ந்தவன்.

உள்ளூர் போலீஸ் விசாரித்து அறிக்கை அனுப்பினால், எல்லைக்கு அப்பால் தள்ளிவிடுவதை நிறுத்திவைக்கலாம் என்றார் வக்கீல். தல்லாகுளம் ஸ்டேஷனுக்கு அலைந்தேன். வடக்கேயிருந்து கேட்டுக் கடிதம் வரவில்லை என்றே சொன்னார்கள். கடைசியில் வந்தது; பிறந்த ஊரை விசாரிக்கச் சொல்லி இரண்டு வரி, பிடித்துவைத்திருப்பதாக எதுவும் இல்லை. ஒரு ஏட்டு வீட்டுக்கு வந்தார்.

"பையன் எங்கம்மா பொறந்தாரு?"

"இந்த வீட்டுப் பிள்ளை. வேற எங்க பொறப்பான்?" என்றார் அம்மா.

நான் குறுக்கே போனேன். ஏட்டு கையைக் காட்டி நிறுத்தினார். "பெத்தவங்க சொல்லட்டும்."

"பெத்தது எங்கம்மா வீட்டுக்குப் போயி, சோழவந்தான்ல. அதுக்காக அவன் அந்த ஊர்க்காரனாயிருவானா?"

ஏட்டு சிரித்துவிட்டார். "எம் மகனும் மாமியா ஊர்லதேன் பொறந்தான். ஸ்கூல்ல எங்க ஊரத்தேன் குடுத்திருக்கேன். என்னையும் பிடிச்சிட்டுப் போவாய்ங்க போல." அம்மா சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். அன்றே அறிக்கையை அனுப்பவும் செய்தார்.

வக்கீல் அதை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். கூட்டிப் பெருக்கி, வேறு யாருக்கோ கல்யாணப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்களாம். இருந்தவர்களை விடியற்காலையில் பஸ்ஸில் ஏற்றிவிட்டதாகப் பந்தல்காரர்கள் சொன்னார்கள். அங்குள்ள ஸ்டேஷனில் கேட்டால், அந்தப் பெயரில் யாரையும் பிடிக்கவே இல்லை என்கிறார்கள். நீதிபதி முன் நிறுத்தவில்லை. உத்தரவு என்று ஒரு தாள்கூட இல்லை. கோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட வேண்டும், அவனை அவர்கள்தான் வைத்திருந்தார்கள் என்பதற்கு என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்டார் வக்கீல்.

அண்ணன் இந்த நாட்டில் பிறந்தான் என்பதற்கு என்னிடம் எல்லாம் இருந்தது. அவனைக் கொண்டுபோனார்கள் என்பதற்கு, அம்மாவுக்கு வந்த அந்த ஒரு அழைப்பைத் தவிர ஒன்றுமில்லை.

போனை வைத்ததும் அம்மா கேட்டார். "அதேன் ஏட்டு எழுதிக் குடுத்துட்டாரே. அதக் காமிச்சா விட்ருவாங்கள்ல?"

"யார்ட்டம்மா காமிக்க?"