செத்த மரத்துக்கு உடனே அனுமதி

வெட்டலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் வெட்டக் கூடாது என்று சொல்வதுதான் என் வேலை. போர்ட் பிளேரில் வீட்டுமனைக்குள் நிற்கிற மரங்களைப் போய்ப் பார்த்து முடிவு சொல்கிறவன் நான். 'முடியாது' என்று சொல்லியே பிழைப்பு நடத்துகிறவர் உங்களில் யாராவது இருந்தால், ஊருக்குள் நமக்கு என்ன மரியாதை என்று உங்களுக்கே தெரியும்.

சாய்ந்த மரம்

ஷாதிபூர் மேட்டில் செல்வராஜ் என்கிற காண்ட்ராக்டர் ஹோம்ஸ்டே கட்டிக்கொண்டிருந்தார். ராமநாதபுரத்துக்காரர். பின்பக்கம், சரிவின் விளிம்பில், வேங்கை இனத்தைச் சேர்ந்த ஒரு பெரிய படாக் மரம். கார் நிறுத்த அந்த இடம் வேண்டும். ஆனால் மனுவில், மரம் சாய்ந்துவிட்டது, எந்த நேரமும் விழும் என்று எழுதியிருந்தார். போய்ப் பார்த்தால் தூக்குக்குண்டு விட்ட மாதிரி நேராக நிற்கிறது. நல்ல மரம், தர முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை. டீ வரவழைத்தார்.

"மரம் நேராத்தான் சார் நிக்குது. என் நேரம்தான் சாஞ்சு கெடக்கு."

பெருங்காய வாசனை

சரிவுக்குக் கீழே முதல் வீடு மேரி அக்காவுடையது. தூத்துக்குடிப் பக்கம், கணவர் கடலுக்குப் போகிறவர். அந்த மரத்தின் வேர்தான் மேட்டு மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது, வெட்ட விட்டுவிடாதீர்கள் என்று என்னிடம் சொல்லியிருந்தார். சட்டம் இருக்கிறது அக்கா, பயப்படாதீங்க என்று தைரியம் சொல்லியிருந்தேன். ஒருநாள் போன் செய்தார். மேலே இருந்து பெருங்காய வாசனை வருகிறது, அங்கே யாரும் சமைக்கவில்லை என்றார்.

டிரைவர் பிஸ்வாஸோடு ஓடினேன். அடிமரத்தைச் சுற்றித் துளை போட்டு, பெருங்காயத்தைத் திணித்து, ஏதோ ஆசிட்டையும் ஊற்றி, களிமண்ணால் அடைத்திருந்தார்கள். மரத்தை நின்ற இடத்திலேயே பட்டுப்போக வைக்கிற வேலை. செல்வராஜ் மெயின்லேண்ட் போயிருந்தார். வேலையாட்கள் எதையும் பார்க்கவில்லையாம். யார் மேல் புகார் எழுதுவது என்று தெரியாமல் நின்றேன். பிஸ்வாஸ் ஜீப்பைத் திருப்பினார்.

"சோடோ சார், விடுங்க. மரமா வந்து சாட்சி சொல்லும்?"

அவசரம்

மழை பிடித்தது. அக்கம்பக்கத்துப் படாக்கெல்லாம் துளிர்த்தன, இது துளிர்க்கவில்லை. உயிருள்ள மரத்தைத் தொடக் கூடாது என்கிற அதே விதி, பட்ட மரம் ஆபத்து, உடனே அகற்று என்கிறது. நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஊரிலிருந்து திரும்பியிருந்த செல்வராஜ் வருத்தத்தோடுதான் சொன்னார்.

"உசுரோட இருந்தப்ப முடியாதுன்னீங்க, செத்ததும் சீக்கிரம் வெட்டுங்கிறீங்க. மொதல்லயே இப்படின்னு சொல்லியிருந்தா ரெண்டு பேருக்கும் அலைச்சல் மிச்சம் சார்."

தொட்டி

வெட்டியதற்குப் பதிலாகக் கன்று நட வேண்டும் என்பது நிபந்தனை. செல்வராஜ் நட்டிருந்தார், வாசலில் வரிசையாக, சிமென்ட் தொட்டிகளில். படாக் தொட்டியில் வளருமா என்று கேட்டேன்.

"தரையில வேர் விட்டா மறுபடி நீங்க வந்துருவீங்களே சார்."

சரிவு

அடுத்த பெருமழையில், கார் நிறுத்துகிற இடத்தின் ஓரம் பெயர்ந்து மேரி அக்காவின் சமையலறை மேல் இறங்கியது. சர்ச்சில் பூசைக்குப் போயிருந்ததால் பிழைத்தார். நான் போனபோது சேற்றுக்குள்ளிருந்து பாத்திரங்களை எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருக்கலாம். ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"சட்டம் இருக்குன்னு சொன்னீங்களே தம்பி, அது மரத்துக்கு மட்டுந்தானா, கீழ இருக்கிறவங்களுக்கும் உண்டா?"

நான் போய்ச் சேரும்போது மரம் உயிரோடு இருந்தால் கூடாது என்பேன், செத்திருந்தால் சரி என்பேன். இதற்குத்தான் என்னை வைத்திருக்கிறார்கள்.