இன்ஜினியர் பார்க்காத துறைமுகங்கள்

கப்பலில் போகிற புருஷன் எந்தத் துறைமுகத்தில் யாரோடு குடும்பம் நடத்துகிறார் என்று கண்டுபிடிக்கத்தான் டிப்போ அக்கா எங்கள் எல்லோரையும் விமானத்தில் ஏற்றிக் கூட்டிப் போகிறார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. எனக்குச் சொன்னவர் பல் டாக்டர். அவருக்குச் சொன்னவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். அவருக்கு யார் சொன்னது என்று கேட்டதற்கு, எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றாராம். இதைச் சொல்லும்போது டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் ஒரு நாட்டில், நான் ஒரு நாட்டில், ஹெட்போனில் எங்களைத் தவிர ஒரு ஈ காக்காய் இல்லை. இருந்தாலும் தாழ்த்தினார். வம்புக்கென்று ஒரு சுருதி இருக்கிறது போல.

விமானம் என்றால் கம்ப்யூட்டரில் ஓட்டுகிற விமானம். நாங்கள் ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு வேலை. விடுமுறை நாட்களில் ஒரே சர்வரில் கூடி ஒரே வானத்தில் பறப்போம். எந்த ஊருக்கு மேலே பறக்கிறோமோ, அந்த ஊரில் அந்த நேரம் நிஜமாக மழை பெய்தால் எங்கள் திரையிலும் மழை பெய்யும். பக்கத்து விமானத்தின் தலைக்கு மேல் அதை ஓட்டுகிறவரின் பெயர் மிதந்துகொண்டே வரும். உட்கார்ந்த இடத்தில் உலகம் சுற்றுகிறவர் அப்படியே கீழே இறங்கி இந்தக் குப்பையையும் போட்டுவிட்டு வரலாமே என்பாள் என் மனைவி.

அக்கா பஸ் டிப்போவில் டிரைவர்களுக்கு டியூட்டி போடுகிறவர். அவர் அறையின் ஜன்னலுக்கு வெளியே எந்நேரமும் ஏதாவது ஒரு பஸ் பீப் பீப் என்று பின்னால் வந்துகொண்டிருக்கும். சுவர் முழுக்க வெள்ளைப் பலகை. மச்சினிக்குக் கல்யாணம், மாமனாருக்கு முட்டிவலி என்று ஷிப்ட் மாற்றக் கேட்டு வருகிறவர்களை உட்காரச் சொல்வார், தண்ணீர் கொடுப்பார், கடைசிவரை காது கொடுத்துக் கேட்பார். ஷிப்டை மட்டும் மாற்ற மாட்டார். அக்கா போட்ட டியூட்டியை மேலே இருக்கிறவனே இறங்கி வந்தாலும் மாற்ற முடியாது என்பது டிப்போவில் பிரசித்தம்.

அப்படிப்பட்டவர் கையில் எங்கள் சுற்றுப்பயணம் போனதில் ஆச்சரியமில்லை. அதற்கு முன் நாங்கள் போனதெல்லாம் பயணமா? டாக்டர் ஜெட்டில் பறந்து, இறங்கி, டீயும் குடித்து முடித்திருப்பார். டிரைவிங் ஸ்கூல்காரர் அப்போதுதான் கடலோரம் தடவிக்கொண்டு வருவார். ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறவர், வானத்தில் மட்டும் பிரேக்கைத் தேடுவார். அக்கா ஒரே வார்த்தையில் முடித்தார். எல்லோருக்கும் ஒரே சின்ன விமானம், மிதவை வைத்தது, தண்ணீரிலும் இறங்கும். நடுக்கடலில் டீக்கு ஒரு இடைவேளை, அப்போது தானியங்கி ஓட்டும், யாரும் பேசக் கூடாது. போகிற இடமெல்லாம் பழைய துறைமுகங்கள். மிளகும் பட்டும் இறங்கிய ஊர்கள், கோட்டை கட்டிச் சண்டை போட்ட ஊர்கள். ஒவ்வொரு ஊரையும் ஒருவர் படித்துவிட்டு வந்து மற்றவர்களுக்குச் சுற்றிக் காட்ட வேண்டும்.

இதுவரைக்கும் சரி. ஆனால் ஒரு கட்டளை எங்களுக்குப் புரியவில்லை. ஒவ்வொரு ஊரிலும் கப்பல் ஆட்கள் வெளியே வருகிற கேட்டிலிருந்து பழைய ஊருக்கு நடந்து போகும் வழியை, தாழ்வாகப் பறந்து மனப்பாடம் செய்யச் சொன்னார். விமானத்தில் போகிறவனுக்கு நடக்கிற வழி எதற்கு? அந்தக் கேள்வியில் முளைத்ததுதான் டாக்டர் சொன்ன வம்பு.

எனக்கு மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. அடுத்த தடவை அக்கா டிப்போவிலிருந்து தனியாகப் போனில் கிடைத்ததும், சுற்றி வளைத்து, அத்தான் சௌக்கியமா என்று ஆரம்பித்தேன். அவருக்கு அதற்குள் எல்லாம் தெரிந்திருந்தது.

"டிரைவிங் ஸ்கூல் கிளப்பி விட்டதா? வேவு பார்க்க நான் ஏன் ப்ளேன்ல போகணும்? அந்த மனுஷன் எங்கயாவது இறங்கி நடந்திருந்தாத்தானே தம்பி வேவு பார்க்கிறதுக்கு."

பிறகு சிரித்துச் சிரித்துச் சொன்னார். அத்தான் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கடல்தான். கடல்தண்ணீரை இழுத்து இன்ஜினைக் குளிரவைக்கும் குழாயில் ஒரு சல்லடை உண்டு. துறைமுகம் வந்ததும் அதைக் கழற்றிச் சுத்தம் செய்வது அவர் பொறுப்பு. அதனால் அவருக்கு ஊரெல்லாம் சல்லடை வழியாகத்தான் தெரியும். அந்த ஊர் எப்படிங்க என்றால், சிப்பி ஜாஸ்தி என்பார். இந்த ஊர்? ஜெல்லி மீன், ஒரே வழவழ. இன்னொன்று? பிளாஸ்டிக் பை. சரக்கு ஏறி இறங்கும் நேரமெல்லாம் அவர் இன்ஜினுக்கு அடியில் கிடப்பார். மேலே வரும்போது கப்பல் கிளம்பியிருக்கும்.

போன லீவில் வந்தபோது அக்கா விளையாடுவதைப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். படுக்கையறையில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே, துணி தேய்க்கும் மேஜையில் ஜாய்ஸ்டிக்கைத் திருகி வைத்திருப்பார் அக்கா. திரையில் ஒரு கோட்டை, அதன் காலடியில் வளைந்து போகும் தெரு, மஞ்சள் அடித்த வீடுகள். இது எந்த ஊர், அழகா இருக்கே என்றாராம் அத்தான். அக்கா திரும்பிப் பார்த்தார். அது சிப்பி ஊர். அவர் வருஷா வருஷம் போகிற ஊர்.

"அவர் முகத்தைப் பார்த்திருக்கணும் நீ. திருவிழாவுல தொலைஞ்ச பிள்ளை மாதிரி நின்னாரு," என்றார் அக்கா. ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் பீப் பீப் என்று பின்னால் வந்தது. "இதுதான் கடைசி ட்ரிப். வந்ததும் கரையில வேலை சொல்லி வச்சிருக்கு. இனிமே அந்தப் பக்கம் ஏன் போகப் போறாரு?"

அக்கா போட்ட திட்டப்படி எங்கள் பயணத்தின் கடைசித் துறைமுகம் அந்தச் சிப்பி ஊர்தான். கப்பலுக்கு அங்கே பழுது பார்க்கும் வேலை இருந்தது. அதை ஒர்க்ஷாப் ஆட்களே பார்ப்பார்களாம், அத்தானுக்கு ஒரு பகல் முழுக்க ஓய்வு. அவர் கேட்டைத் தாண்டி வெளியே வர வேண்டும். அதே நேரம் நாங்கள் அவர் தலைக்கு மேலே. அக்கா போனில் வழி சொல்லச் சொல்ல அவர் நடந்து போய்க் கோட்டை மேல் ஏற வேண்டும். அவர் பார்ப்பதை அவர் சொல்வார், அக்கா பார்ப்பதை அக்கா சொல்வார். மற்ற துறைமுகங்களெல்லாம் எங்களுக்கு ஒத்திகை.

இதைக் கேட்டபின் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. டாக்டர் பல் பிடுங்கும்போது கூட கோட்டையின் பழைய சுங்கச்சாவடியைப் பற்றிப் பேசினாராம். வாயைத் திறந்து கிடப்பவர் என்ன செய்வார், கேட்டுக்கொண்டார். டிரைவிங் ஸ்கூல்காரர் தான் கிளப்பிய வம்பைத் தானே மறந்தவர் போல, ஏறுகிற வழியில் படி செங்குத்தாக இருக்கிறது, அத்தானுக்கு மூச்சு வாங்கும், மீன் மார்க்கெட் வழியாகத் திருப்புங்கள் என்று வரைபடம் போட்டு அனுப்பினார். நானும் என் பங்குக்கு அந்தச் சந்துகளில் பறந்து பறந்து ஒரு மணிக்கூண்டில் மோதிவைத்தேன்.

ஆனால் அக்கா ஒரு இடத்தில் தப்புக் கணக்குப் போட்டுவிட்டார். பஸ் ஊருக்கு வந்தால் வந்ததுதான், ஆட்கள் இறங்கலாம். கப்பல் அப்படியில்லை. நாங்கள் கிளம்ப வேண்டிய அன்று அத்தானிடமிருந்து கரகரவென்று ஒரு குரல் செய்தி வந்தது.

"ஊருக்கு வந்தாச்சும்மா. உள்ளதான் விடல. முன்னாடி பெரிய கியூ நிக்குது. என்னைக்குக் கூப்பிடுவாங்கன்னு கேப்டனுக்கே தெரியாது."

அதன்பின் செய்தி இல்லை. கப்பலைக் கரையிலிருந்து இன்னும் தள்ளி நிறுத்தியிருக்க வேண்டும், அங்கே போன் எடுக்காது. கூப்பிட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. அந்தப் பெண்ணை அக்கா என்னென்னவோ திட்டினார். டாக்டர் அன்றைய அப்பாயிண்ட்மெண்டை எல்லாம் தள்ளி வைத்திருந்தார். எனக்கு ஆபீசில் இல்லாத காய்ச்சல். இவ்வளவு தூரம் வந்தாச்சு, சும்மா போய் ஊரைப் பார்த்துவிட்டு முடிப்போம் என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். யாருக்கும் ஷிப்ட் மாற்றாத அக்கா, எங்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார்.

"இந்த ஒரு தடவை மாத்திக்குவோமா தம்பி? நாள் எதுன்னு எனக்கே தெரியல. கூப்பிட்டதும் வரணும்."

இந்தச் செய்தி எப்படியோ டிப்போவுக்குப் போய்விட்டது. அன்று மாலை டிரைவர்கள் ஒருவர் பின் ஒருவராக அக்காவின் அறைக்கு வந்து உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சொல்லுங்கக்கா உங்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டுவிட்டுப் போனார்களாம்.

கடைசியில் கப்பலை உள்ளே கூப்பிட்டார்கள். "கப்பலைக் கரையில கட்டியாச்சு. மதியம் வெளிய விடுவாங்க" என்று அத்தான் அனுப்பியதை அக்கா அப்படியே எங்களுக்குத் தள்ளிவிட்டார். என் காய்ச்சல் திரும்பி வந்தது. அரை மணியில் எல்லோரும் வானத்தில் இருந்தோம். நிலத்தின் பக்கமிருந்து வராமல், கப்பல் வருகிற மாதிரியே கடலிலிருந்து நுழைய வேண்டும் என்பது அக்காவின் உத்தரவு. அலைதடுப்புச் சுவர் வந்தது, கலங்கரை விளக்கம் வந்தது, கிரேன்கள் வந்தன. காலையிலிருந்து அந்த ஊரை மூடியிருந்த மேகம் எங்கள் கண்ணெதிரே பிய்ந்து பிரிந்தது. வெயில் நேராக அந்த மஞ்சள் வீடுகளின் மேல் விழுந்தது. டாக்டர் தன்னை மறந்து விசிலடித்தார். டீ இடைவேளை விதியை மதித்து இவ்வளவு நேரம் வாயை மூடி வந்த கூட்டம், எல்லாம் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கியது.

"கொஞ்சம் சும்மா இருங்க," என்றார் அக்கா.

போனை மைக்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. எண்ணை அழுத்தும் சத்தம் கேட்டது. எல்லைக்கு வெளியே என்று சொல்லும் அந்தப் பெண்ணுக்காக நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தோம்.

மணி போனது.

பிறந்த மண்ணை விட்டு வந்தவனுக்குப் போன் மணி என்றால் ஒரு நடுக்கம் உண்டு. இந்த மணி அந்த வகையில்லை. அவர் கரையில் இருக்கிறார், கையெட்டும் தூரத்தில் போன் இருக்கிறது என்று சொல்லும் மணி. கீழே கேட், கேட்டுக்கு வெளியே வெறிச்சென்ற ரோடு. எங்கள் திரையில் ஆள் தெரியாது என்று தெரிந்தும் எல்லோரும் குனிந்து பார்த்தோம்.

"சட்டையை மாத்திட்டிருப்பாரு அக்கா. இன்ஜின் ரூம் சட்டையோட கோட்டைக்குப் போக முடியுமா?" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர், மெதுவாக.

"இடது பக்கமா இன்னொரு ரவுண்டு," என்றார் அக்கா. அவர் குரலில் சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது. "யாரும் உயரத்தை ஏத்தாதீங்க. அவர் அண்ணாந்து பார்ப்பாரு."

எல்லோரும் ஒன்றாகச் சாய்ந்து திரும்பினோம். ஹெட்போனில் மணி போய்க்கொண்டே இருந்தது.