கொட்டாஞ்சேனைக்காரியின் கொழும்பு

கலியாணம் முடிந்த கிழமையில் என் மனைவி என்னைக் கொட்டாஞ்சேனைக்கு, தான் பிறந்து வளர்ந்த ஒழுங்கைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பஸ் நிறுத்தத்திலிருந்து அவளுடைய தாய் வீடு கூப்பிடு தூரம்தான். ஆனால் போய்ச் சேர நெடுநேரம் பிடித்தது. பேக்கரிக்காரர் கடையை விட்டு வெளியே வந்து என் கையைக் குலுக்கினார். மாடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த முஸ்லிம் பெண்ணொருத்தி அங்கிருந்தபடியே மாப்பிள்ளை நல்ல உயரம் என்றாள். ஓட்டோக்காரர் இருவர் சிங்களத்தில் ஏதோ கேலி செய்ய, அவளும் சிங்களத்திலேயே திருப்பிக் கொடுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் கேக் பெட்டியைப் பிடித்தபடி, எதற்கென்று தெரியாமலே சிரித்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் எல்லோர் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. அவள் மேல் அதைவிட அதிகமாக வந்தது.

நான் யாழ்ப்பாணத்தான். போரில் வடக்குக்கான தரைப்பாதை பூட்டியிருந்த காலத்தில் கப்பலேறிக் கொழும்புக்கு வந்து, கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கிளாக்காகச் சேர்ந்தவன். அவள் அங்கே டைப்பிஸ்ட். அவள் கத்தோலிக்கம், நான் சைவம். அவள் ‘ஆமா’ என்பாள், நான் ‘ஓம்’ என்பேன். இரண்டு வீட்டாரும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டுப் பிறகு சமாதானமாகிவிட்டார்கள். கலியாணத்துக்கு முன் சில வருடங்கள் வெள்ளவத்தையில் ஓர் அறையில் இருந்தேன். அந்த வருடங்களில் தெருவில் என்னைக் கூப்பிட்டவர்கள் சோதனைச் சாவடிக்காரர்கள் மட்டும்தான்.

பிறகு வெள்ளவத்தையிலேயே கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். வடக்கிலிருந்து சனம் வந்து குவியக் குவியப் பழைய வீடுகளை இடித்து மாடிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் வருடம் எங்கள் பல்கனியிலிருந்து கடல் தெரிந்தது. அடுத்த வருடம் ஒரு கீற்றுத் தெரிந்தது. அதன் பிறகு எதிர் மாடியின் குளியலறை ஜன்னல்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் சொந்தக்காரர் யாராவது வருவார்கள். வந்தவுடன் கொழும்பைத் திட்டத் தொடங்குவோம். மோட்டர் போட்டாலும் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறுவதில்லை, காலி வீதி என்கிற பெருந்தெருவைக் கடக்க ஒரு ஆயுள் வேண்டும், பக்கத்துக் கதவுக்காரனின் பெயர் தெரியாது. என் மனைவியும் தேநீரைக் கொடுத்தபடி சேர்ந்துகொள்வாள். எங்களைவிட நன்றாகத் திட்டுவாள். எந்த வாய்க்காலை யார் மூடியதால் எந்தத் தெருவில் வெள்ளம் நிற்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் ஒரு நாள் என் ஒன்றுவிட்ட அண்ணர், இது ஒரு ஊரே இல்லை, வெறும் பஸ் ஸ்டாண்ட் என்றார். அவள் தட்டை மேசையில் வைத்தாள்.

“பஸ் ஸ்டாண்டுன்னா பஸ் வந்ததும் ஏறிப் போயிரணும் அண்ணே. நீங்க எல்லாரும் இறங்கி வீடு கட்டிட்டீங்களே.”

அண்ணர் அதன் பிறகு அதிகம் வரவில்லை. அன்று நான் அவளோடு சண்டை பிடித்தேன். என் ஆட்களுக்கு முன்னால் அவள் ஊரின் பக்கம் நின்றுவிட்டாள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு நாள் விடியற்காலை ஆமிக்காரரும் பொலிஸாரும் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு எல்லாம் என்னிடம் இருந்தன. ஆனால் அட்டையில் யாழ்ப்பாண விலாசம். இளைஞர்களோடு சேர்த்து என்னையும் ட்ரக்கில் ஏற்றி ஒரு பொலிஸ் நிலையத்தின் முற்றத்தில் இறக்கினார்கள். வெயில் ஏறும்வரை குந்தியிருந்தோம். எனக்குத் தெரிந்த சிங்களம் அலுவலகச் சிங்களம். ‘பில்’, ‘கொள்கலன்’, ‘நாளைக்கு வாருங்கள்’. அதை வைத்துக்கொண்டு யாரிடம் என்ன சொல்வது?

மதியத்துக்கு முன் அவள் வந்தாள். கூட ஒரு சிங்களவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், ஒருகொடவத்தையில் கொள்கலன் முற்றம் ஒன்றில் மேற்பார்வையாளர். தாய் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர் என்று அவள் எப்போதோ சொல்லியிருக்கிறாள். நான் பார்த்ததில்லை. அவர் அதிகாரியின் மேசைக்கு முன்னால் சாவகாசமாக நின்று கதைத்தார். இடையில் அவள் “அய்யே”, அண்ணா, என்று கூப்பிட்டு ஏதோ நினைவூட்டினாள். அவர் “நங்கி”, தங்கச்சி, என்று அவளை அமர்த்திவிட்டு, என் பக்கம் கையைக் காட்டி ஒரே ஒரு வசனம் சொன்னார்.

“மே அபே மஸ்ஸினா.”

இவர் எங்கள் மச்சான். அது எனக்கும் விளங்கியது. அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். இன்னும் சில கேள்விகள் கேட்டுவிட்டுப் போகச் சொன்னார். என்னோடு குந்தியிருந்த பொடியன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மச்சான் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

அந்த மனிதருக்கு நன்றி சொன்னேன். அவர் தோளில் தட்டிவிட்டு வேலைக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார். ஓட்டோவில் திரும்பும்போது என் மனதில் நன்றி இருக்கவில்லை. அவள் அவரோடு கதைக்கும்போது அவள் முகத்தில் இருந்த சுதந்திரம், என்னோடு கதைக்கும்போது இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கேட்டேன்.

“அவர் ஆர், உமக்கு இவ்வளவு செய்யிறதுக்கு?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதில் என்ன கேள்வி இருக்கிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு போட்டுவிட்டுச் சொன்னாள். எண்பத்து மூன்று கலவரத்தில் அவர்களுடைய வீடு எரிந்ததாம். அப்போது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. அந்த மனிதரின் தாய் இவர்கள் குடும்பத்தைத் தன் பின்னறையில் வைத்துப் பூட்டிவிட்டு, வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாராம். வீடு எரிந்தது எனக்குத் தெரியும். பின்னறைக் கதையை அன்றுதான் சொன்னாள்.

நான் கனடாவுக்குப் போவோம் என்றேன். அங்கே என் தம்பி கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். இப்படி எரித்த ஊரில், இப்படிப் பிடித்துக்கொண்டு போகிற ஊரில் இன்னும் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

“எரிச்சவங்க வேற தெருவுல இருந்து வந்தாங்க. ஒளிச்சு வச்சவங்க பக்கத்து வீடு. அவங்கள விட்டுட்டு எங்க போறது?” என்றாள். பிறகு, “நீங்க வேணும்னா போங்க. நான் தடுக்கமாட்டேன்,” என்றாள்.

பல மாதங்கள் அந்தப் பேச்சு வீட்டுக்குள் கிடந்தது. நான் போகவில்லை. தைரியம், ஊர்ப்பற்று என்றெல்லாம் சொல்லலாம், உண்மை அதுவல்ல. நான் போனால் அவள் ஒரு கிழமை அழுவாள், பிறகு கொட்டாஞ்சேனைக்குப் போய்விடுவாள். ஒழுங்கை முழுவதும் அவளைத் தாங்கிக்கொள்ளும். நான் இல்லாமலும் அவளுக்கு அங்கே ஒன்றும் குறையாது என்ற நினைப்பைத் தாங்க முடியாமல்தான் நின்றேன். நின்றதற்குப் பிறகு சிங்களம் படித்தேன், அதுவும் அவளிடம் அல்ல, அலுவலகப் பியோனிடம்.

போர் முடிவதற்கு முந்திய வருடங்களில் ஒருமுறை தம்பி குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்தான். பல்கனியில் நின்று மூக்கைச் சுளித்தான். எங்கு பார்த்தாலும் கிரேன், தூசி, மூச்சு விட இடமில்லை, மனிசர் இருக்கிற இடமா இது என்றான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வேலையும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் இங்கேதான் இருக்கிறது, ஷெல் விழுந்த இடத்திலிருந்து ஓடி வந்த சனத்துக்கு இந்தத் தூசிதான் கூரை போட்டுக் கொடுத்தது, நீ பனியில் நின்றுகொண்டு சொல்லாதே என்று குரலை உயர்த்திக் கதைத்தேன். தம்பி திகைத்துப் போனான். அவள் கைகொடுப்பாள் என்று திரும்பிப் பார்த்தேன்.

“தம்பி சொல்றது சரிதானே. குப்பை லொறி வந்து எத்தனை நாளாச்சு?” என்றாள்.

அவன் சொன்னதோடு இன்னும் நாலு குறை சேர்த்தாள். இருவரும் கொழும்பை நார் நாராகக் கிழித்தார்கள். அவள் எவ்வளவு திட்டினாலும் அந்த ஊர் அவளுடையதாகவே இருக்கும், நான்தான் அதற்காகச் சண்டை போட வேண்டியிருக்கிறது என்று அப்போது தோன்றியது.

அடுத்த நாள் காலை அவள் தம்பியைச் சந்தைக்குக் கூட்டிப் போனாள். திரும்பி வந்தபோது கையில் மீன் பையோடு இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே படியேறினார்கள். என்ன சிரிப்பு என்று நான் கேட்கவில்லை. மீனை வாங்கிக் கழுவப் போட்டேன்.